மனச்சோர்வு கூடுதே, பேச்சு சிகிச்சையில என்னதான் செய்வாங்க?

மேலூர்_நர்ஸ்: தூக்கமில்ல, உடம்பு வலின்னு வர்றவங்கள்ல பலருக்கு மனச்சோர்வுதான் இருக்கு. ஏன் கூடுது? தெரபிக்கு அனுப்பினா "சும்மா பேசவா?"ங்கிறாங்க.

வைகைக்கரை: முன்னே மறைச்சது இப்ப வெளிய தெரியுது, அது ஒரு பங்கு. மீதி நிஜம்: கடன், குடி, பிள்ளைங்க திருப்பூர், சென்னைன்னு போயிட தனியா நிக்கிற பெரியவங்க. தைராய்டு, ரத்தசோகையிலயும் இதே சோர்வு வரும்; ரத்தப் பரிசோதனை முக்கியம்.

திருநகர்_உளவியல்: சும்மா பேச்சு இல்லங்க. சிபிடின்னா எண்ணத்தையும் நடத்தையையும் மாத்திப் பழகுற பேச்சு சிகிச்சை; வாரம் ஒருமுறை, 45–60 நிமிஷம், பெரும்பாலும் 12–16 அமர்வு. பிஎச்கியூ-9ங்கிற ஒன்பது கேள்வி மனச்சோர்வுப் படிவத்துல 27க்கு 10 வந்தாலே கவனிக்கணும். அப்புறம் மணிவாரியா நாள் அட்டவணை. மனசு சரியானதும் எழலாம்னு காத்திருந்தா எழவே முடியாது. அதனால வேலையை முன்னால வைக்கிறோம். தெப்பக்குளத்துல 10 நிமிஷ நடை போதும். முதல் வாரமே பெருசா எழுதினா முடியாம போயி, "நான் எதுக்கும் லாயக்கில்ல"ங்கிற எண்ணம் இன்னும் இறுகும். அங்கதான் பாதியில விட்டுடுறாங்க.

அண்ணாநகர்_டாக்டர்: மாத்திரை வேலை செய்ய 2–4 வாரம் ஆகும். தேறினப்புறமும் குறைஞ்சது 6 மாசம், தானா நிறுத்தக்கூடாது. சாகணும்னு தோணுதான்னு நேரா கேளுங்க, கேட்டா தூண்டிவிடாது. ஆமான்னா அன்னைக்கே மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு. ராத்திரின்னா டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண் 14416, தமிழ்லயே பேசலாம். வீட்டுல பூச்சிமருந்து இருந்தா உடனே அப்புறப்படுத்தச் சொல்லுங்க.