மட்டக்களப்புப் பக்கம் வளவு வாங்கினவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திராய்மடு ரீச்சர்:

திராய்மடுவில் வளவு பார்த்திருக்கிறோம் என்றதும் மாமி கேட்ட முதல் கேள்வி, "அங்க சுனாமி வீடுகள்தானே கிடக்கு மகள்?" என்பதுதான். அவரில் பிழையில்லை. 2004 டிசம்பர் 26இல் நாவலடி அழிந்தபோது தப்பிய குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம் இது. நகரத்து ஆட்களுக்கு அந்தப் பெயர் அப்படியே மனதில் தங்கிவிட்டது. பள்ளக்காணி, வெள்ளம் நிற்கும், பஸ் வராது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். 2024இல் புதிய மாவட்டச் செயலகம் இங்கே திறக்கப்பட்ட பிறகு அதே ஆட்கள் வந்து, "ரீச்சர், உங்கட பக்கம் துண்டுக் காணி ஏதும் விற்கிறாங்களா?" என்று கேட்கிறார்கள்.

எங்களுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். மட்டக்களப்பாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வேறு மாவட்டத்தவர்களும் வாசிப்பதால் சொல்கிறேன். எங்களிடம் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் பெண்ணுக்கு. மூத்தவளுக்குக் குடியிருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இளையவளுக்கு அடுத்த வீடு. கல்லடியில் அம்மா எனக்குத் தந்ததே அம்மம்மாவின் வளவை மூன்றாகப் பிரித்ததில் ஒரு துண்டு. அதையும் பிரித்தால் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளிகூட மிஞ்சாது. அதனால்தான் வெளியே வந்தோம். காணி விலை ஏறுவதற்கு வெளிநாட்டுக் காசு, புதுப் பாலம், புதுக் கந்தோர் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது பெண் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரின் அவசரத்தை. மகள் பெரிய பிள்ளையானதும் வளவு தேடத் தொடங்கிவிடுகிறோம். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் வாவி. நடுவில் கிடக்கிற நிலம் வளரப் போவதில்லை.

சரி, வாங்கின கதைக்கு வருகிறேன். தரகர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது ஆவணி மாதம். நிலம் காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. மாரி முடிய விலை பேசுவோம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. வேறொரு ஆள் காசோடு நிற்கிறார் என்றார். நிற்கட்டும் என்றேன். மார்கழியில் குடையைப் பிடித்துக்கொண்டு நானே தனியாகப் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர், பின்பக்கம் முழங்கால் அளவு. பக்கத்து வீட்டு அக்காவிடம், 2011 வெள்ளம் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டேன். அவர் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனார். சுவரில் சுண்ணாம்பு உரிந்து பழுப்பாக ஒரு கோடு நின்றது, அரிசி வாளி வைக்கும் தட்டுக்குக் கொஞ்சம் கீழே. அந்த உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு வந்துதான் விலை பேச உட்கார்ந்தேன். கிரவல் போட்டு நிரப்ப எத்தனை டிப்பர் வேண்டும் என்ற கணக்கைக் காட்டியதும் விற்கிறவர் இறங்கி வந்தார். பின்னால் நிற்பதாகச் சொன்ன அந்த ஆளை யாரும் காணவில்லை.

எங்கள் மேசன் சொன்ன ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அத்திவாரத்தை வெள்ளக் கோட்டுக்கு மேலே உயர்த்தினால் மட்டும் போதாது, ஒழுங்கைக்கு என்றைக்காவது கொங்கிறீற் போடுவார்கள், பாதை உயரும், அன்றைக்கு உங்கள் வாசல் பள்ளமாகிவிடும் என்றார். நகரத்துக்குள் பழைய வீடுகளைப் பாருங்கள், பாதையிலிருந்து படியில் இறங்கித்தான் முற்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அவர் சொன்ன உயரத்துக்கே போட்டோம். செலவு கூடத்தான், ஆனால் மழைக்கு நிம்மதியாகப் படுக்கிறோம்.

சுவர் லின்டல் மட்டத்துக்கு வரும்போது 2022 வந்துவிட்டது. ஆயிரம் ரூபாய் அளவில் வாங்கிய சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதத்தால் கூட்டியது. வீட்டுக் கடன் எடுத்தவர்களுக்கு அந்த வருடம் எப்படிப் போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. வேலையை நிறுத்தினோம். தூண்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் துருப்பிடிக்காமல் இருக்க மேசன் அவற்றுக்குச் சீமெந்துக் கூழ் பூசி, பொலித்தீன் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அந்தக் கட்டு காற்றில் அவிழ்ந்துவிட்டதா என்று போய்ப் பார்ப்பேன். இப்போது குடிவந்துவிட்டோம். உள்பூச்சு முடிந்தது, வெளிப்பூச்சு இனித்தான். குழாயில் உன்னிச்சைத் தண்ணீர் வருகிறது, பெரிய பிள்ளை படிக்கத் தனி அறை இருக்கிறது.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். வாங்கினவர்கள், விற்றவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், எல்லோரும்.

காத்தான்குடி ராத்தா:

ரீச்சர், பெண் பிள்ளைகளுக்கு வீடு என்று நீங்கள் எழுதியது எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும். சில சதுர கிலோமீட்டருக்குள் 40 ஆயிரத்துக்கு மேல் சனம். பக்கவாட்டில் இடமில்லாததால் நாங்கள் மேலே போகிறோம். என் வாப்பா சவூதியில் உழைத்துக் கட்டினது கீழ்வீடு, அது ராத்தாவுக்கு. மேல்தட்டு எனக்கு, அதற்கு மேலே தங்கச்சிக்கு. படியை வீட்டுக்கு வெளியே வைத்தோம். ஒவ்வொருத்திக்கும் தன் வாசல், தன் மின்சார மீற்றர், தன் குசினி. இது இல்லாவிட்டால் சகோதரிகளுக்குள்ளும் மனக்கசப்பு வரும்.

உறுதி எழுதப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. மேல்தட்டை மட்டும் தனியாக ஒருவர் பெயருக்கு எழுதுவதென்றால் 1973ஆம் ஆண்டு மாடி வீட்டு உரிமைச் சட்டத்தின்படி கட்டடத்துக்கே தனி வரைபடம் செய்து பதிய வேண்டும். எங்கள் ஊரில் பலரும் அதைச் செய்வதில்லை, காணியில் மூன்றில் ஒரு பிரிபடாத பங்கு என்று எழுதிவிடுகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. மேலே ஓர் அறை எடுக்க வங்கியில் கடன் கேட்டபோது மற்ற இரண்டு பேரும் ஒப்பமிட வேண்டும் என்றார்கள். ஒருத்தி கட்டாரில் இருந்தாள், அதற்கே மாதங்கள் போயின.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரையம்பதி எல்லைப் பக்கம் ஒரு வளவு பேசினோம். விற்க வந்த அம்மாவுக்குச் சம்மதம், எங்களுக்கும் சம்மதம். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வேண்டாம் என்றார்கள். அவர்கள் தமிழர், நாங்கள் முஸ்லிம்கள், 1990இல் நடந்த கொலைகளை இரண்டு பக்கமும் மறக்கவில்லை. ஒரு வளவு கை மாறினால் ஊரின் எல்லையே நகர்கிறது என்ற பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அந்த அம்மாவோடு பழக்கம் விடவில்லை, பெருநாளுக்கு அவர் வீட்டுக்கு வட்டிலப்பம் போகும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குப் பொங்கல் வரும். ஆனால் காணி பேசும்போது இங்கே எல்லோரும் முதலில் கேட்பது விலையை அல்ல, வாங்குகிறவர் யார் என்பதை. அது எனக்கு வலிக்கிறது.

நொத்தாரிசு கந்தோர் எழுதுநர்:

வருடக்கணக்கில் உறுதி தட்டச்சு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சனம் விலையைப் பற்றித் தரகரோடு மணிக்கணக்கில் பேசுகிறார்கள், உறுதியை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்கிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

மேலே சொன்ன வழக்கத்தால் எங்கள் மாவட்டத்தில் அடிக்கடி வருவது சீவிய உரித்துப் பிரச்சினை. தாய் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதுவார், "நான் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரித்து எனக்கு" என்று ஒரு வரி சேர்ப்பார். நல்ல ஏற்பாடு, முதுமையில் தாயை யாரும் வெளியேற்ற முடியாது. ஆனால் மகள் விற்க வரும்போது அந்த வரியைச் சொல்ல மாட்டார், சில வேளை அவருக்கே ஞாபகம் இருக்காது. வாங்கினவர் வேலி போடப் போனால் பின்வளவில் ஒரு வயோதிப அம்மா நிற்பார். அவரும் வந்து ஒப்பமிட்டு உரித்தை விட்டுக்கொடுத்தால் மட்டுமே காசைக் கையில் கொடுங்கள். காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேடினால் இது போன்ற வரிகள், ஈடுகள், வழக்குப் பதிவுகள் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அடுத்தது பெர்மிட் காணி. வவுணதீவு, செங்கலடி, வாகரைப் பக்கம் மலிவாகக் கிடைப்பவற்றில் நிறைய இந்த வகை. அது அரச காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. அனுமதிப்பத்திரத்தை விற்க முடியாது. அளிப்புப் பத்திரமாக, அதாவது அரசு காணியை அளித்ததற்கான பத்திரமாக, மாறியிருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கை மாற்றினால் செல்லாது. வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டி எழுதிக்கொடுத்ததைக் கொண்டுவந்து "இதை உறுதியாக்கித் தாங்கோ" என்று கேட்கிற குடும்பங்களைப் பார்த்தால் மனம் பொறுக்காது. சீட்டுப் பிடித்த காசு, மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்த காசு.

தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளர் பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் காணி முதலில் மூத்த மகனுக்குப் போகும் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. வீடு பெண்ணுக்கு என்று வாழ்கிற எங்கள் ஊரில் அந்த விதி எத்தனை அண்ணன் தங்கச்சியைப் பிரித்துவிட்டது! வீட்டில் இருப்பவள் தங்கச்சி, பத்திரம் அண்ணன் பெயரில். 2022இல் சட்டத்தைத் திருத்தி ஆண் பெண் வேறுபாட்டை எடுத்தார்கள். பழைய பத்திரங்களில் அந்தச் சிக்கல் இன்னும் கிடக்கிறது.

செலவைக் கேட்பீர்கள். விலைக்கு வாங்கும் உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், நில அளவை, தேடுதல் செலவு. வளவுக்கென்று வைத்திருக்கும் காசில் இதற்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

சாய்ந்தமருதுப் பொடியன்:

அம்பாறைக் கரையோரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுவரை ஊருக்கு ஊர் இடைவெளி குறைந்துகொண்டே போகிறது. கடல் பக்கம் சுனாமிக்குப் பிறகு கட்ட விடவில்லை. கிழக்கில் 200 மீட்டர் என்று முதலில் அறிவித்தார்கள், பிறகுதான் தளர்த்தினார்கள். ஒலுவிலில் துறைமுகம் வந்த பிறகு அந்தக் கரையைக் கடல் அரித்தது வேறு. மேற்குப் பக்கம் வயல். ஆகவே வயலை மூடுகிறோம். நெற்காணியை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். பலர் இரவில் டிப்பர் விட்டு நிரப்பிவிட்டு, பிறகு அனுமதி தேடுகிறார்கள். தண்ணீர் போகும் வாய்க்கால் அடைபட்டு, வயலுக்கும் நட்டம், வீட்டுக்கும் வெள்ளம். என் சாச்சா வீட்டுக்குள் 2024 நவம்பரில் தண்ணீர் வந்தது. அந்த இடத்தில் முன்பு வரம்பில் நின்று மீன் பிடித்திருக்கிறேன்.

இடமில்லாமல் இவ்வளவு பாடுபடுகிற ஊர்களுக்குப் பக்கத்திலேயே, அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கினால் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. சுவரில் மரம் முளைத்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

கனடா மச்சான்:

வெளிநாட்டுக் காசுதான் விலையை ஏற்றுகிறது என்று ஊரில் எங்களைத் திட்டுவார்கள். அதில் உண்மை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை வேண்டும். நான் கல்லடியில் வாங்கியது அக்கா பெயரில். அக்காவில் முழு நம்பிக்கை. நம்பிக்கை இருக்கிற குடும்பங்களும் எல்லாவற்றையும் பேசி எழுதி வையுங்கள், அக்காவின் பிள்ளைகள் காலத்தில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

ஊறணி வாடகைக்காரி:

நான் தாதி, சொந்த ஊர் திருக்கோவில். இடமாற்றத்தில் வந்ததிலிருந்து வாடகை வீடுதான். எங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. முற்பணத்தை மொத்தமாகக் கேட்பார்கள். மகளுக்குக் கல்யாணம் சரிவந்துவிட்டது என்றால் அடுத்த மாதமே வீட்டை விட வேண்டும். கடைசி வீட்டுக்கார அம்மா அழுதுகொண்டுதான் சொன்னார். அவர் மகளுக்கு வீடு, நான் என்ன சொல்ல! எழுத்தில் ஓர் உடன்படிக்கை இருந்திருந்தால் எனக்கு வேறு வீடு தேட அவகாசமாவது கிடைத்திருக்கும்.

கொக்கட்டிச்சோலைத் தம்பி:

2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 5 இலட்சத்து 26 ஆயிரம் பேர், 2024இல் 6 இலட்சத்தை நெருங்கிவிட்டோம். இவ்வளவு பேரையும் வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் கிடக்கிற எழுவான்கரை எப்படித் தாங்கும்? வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைக்கு வாருங்கள் என்கிறேன். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் மிதவையான பாதைக்குக் காத்து நின்ற காலம் 2014இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. இப்போது ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறோம். வளவு விசாலம், மரம் நிற்கும், மாடு கட்டலாம். யானை வரும் பக்கமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். வளவு பார்க்கும்போது யானை வேலி எங்கே முடிகிறது என்று அயலவரிடம் கேளுங்கள். எங்கள் பொடியன்களும் கல்யாணம் முடித்து அக்கரைக்குப் போய்விடுகிறார்கள், பெண் வீடு அங்கே என்பதால். அங்கிருந்து பெண் பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் பக்கம் வீடு கட்டினால் பொடியன்களும் இங்கே நிற்பார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளும் சேரும்.

எழுத்தரண்ணா, ஒரு கேள்வி. மச்சாளுக்காக இங்கே அரை ஏக்கர் பார்த்திருக்கிறோம். அளிப்புப் பத்திரம் இருக்கிறது, பத்திரக்காரர் இறந்துவிட்டார், மூத்த மகன் விற்கிறார். முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

நொத்தாரிசு கந்தோர் எழுதுநர்:

இப்போது கொடுக்காதீர்கள் தம்பி. பத்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், பின்னுரித்தாளர் பெயர் எழுதியிருக்கிறதா என்று. பிரதியோடு பொதுமக்கள் நாளில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், அந்தப் பெயர் அவர்களின் பதிவேட்டில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். மகன் பெயருக்கு உரித்து மாறிய பிறகு, அரை ஏக்கராகப் பிரிப்பதற்கும் விற்பதற்கும் சம்மதக் கடிதம் எடுக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தங்கச்சி யாரும் அந்த வளவில் இருக்கிறாரா என்றும் போய்ப் பாருங்கள். இருந்தால் முதலில் அவரோடு பேசுங்கள்.