போட் வராத வாரம்

குழு: ஆச்சி வீட்டுப் பட்டாளம் (உமா மாலத்தீவுல ஒரு தீவுல டீச்சர், அங்க காய்கறி போட்லதான் வரணும்)

வியாழன்

அம்மா, மாலை 5:40
ஏளா உமா, போட் வந்துச்சா? காலைல இருந்து ஒரு வார்த்தை போடல

உமா
வரலம்மா. மஞ்சள் எச்சரிக்கை போட்டிருக்காங்க, கடல் சரியில்ல. சனிக்கிழமைக்கு முன்னால எதிர்பார்க்காதீங்கன்னு கடைக்காரர் சொல்லிட்டார்

அம்மா
அப்ப காய்க்கு என்ன செய்வ

உமா
[படம்]
இதான் கடை

சித்தி
என்னளா இது, ரெண்டு வாடின முட்டைக்கோசும் ஒரு கீத்து பூசணியும்

உமா
அந்த முட்டைக்கோஸ் போன போட்ல வந்தது சித்தி. கேரட் கறுத்துருச்சு. அந்தப் பக்கம் பாருங்க, டின் கொண்டைக்கடலை, டின் சோளம், அப்புறம் டூனா டின் வரிசை வரிசையா. மீனுக்கு மட்டும் எந்த எச்சரிக்கையும் கிடையாது

மாமா
தூத்துக்குடியிலயும் அதே கதைதான். ஆடிக் காத்து. தலைநகர் மாலேக்குப் போற தோணியெல்லாம் கட்டிக் கெடக்கு. புரட்டாசி பொறக்கணும்

சித்தி
தோணில காயா போகுது இன்னும்?

மாமா
போகாம? வெங்காயம், உருளை, ஜல்லி, செங்கல் எல்லாம் இங்க இருந்துதாம் போகுது. 2020 செப்டம்பர்ல நேரடி சரக்குக் கப்பலும் விட்டாங்க. தூத்துக்குடி, கொச்சி, அங்க இருந்து உமா இருக்கிற பக்கம் குல்ஹுதுஃபுஷி, அப்புறம் மாலே

மாமா
இன்னொண்ணு கேளுங்க. 1981ல ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம். நம்ம ஊர்ல ஏற்றுமதிக்குத் தடை போட்டாலும் மாலத்தீவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. 2024-25க்கு வெங்காயம் 35,749 டன், உருளைக்கிழங்கு 21,513 டன், முட்டை 42 கோடிக்கு மேல

அம்மா
பருப்பு?

மாமா
224 டன்

அம்மா
அவ்வளவுதானா!

உமா
இங்க மொத்தமே 5 லட்சம் பேர்தான்மா. அதுலயும் பருப்பை நம்பி இருக்கிறது எங்க ஸ்டாஃப் ரூம்ல உள்ள நாலு வாத்தியார்மாரும் நானும்தான் போல

ஆச்சி
[குரல் பதிவு 0:34]

கார்த்தி
மீட்டிங்ல இருக்கேன். ஆச்சி என்ன சொன்னாங்க, யாராச்சும் டைப் பண்ணுங்க

அம்மா
"நாளைக்கு ஆடி வெள்ளிலா, பிள்ள வெறும் ரொட்டியத் தின்னுட்டா இருக்கும், அந்தக் கடைல கெடைக்கிறதக் கொண்டு, தேங்காப்பால் ஊத்தி ஒரு சொதி வச்சுச் சாப்பிடச் சொல்லு"ங்காங்க. பாதி எனக்கே விளங்கல, பின்னால டிவி ஓடுது

கார்த்தி
நல்ல நேரத்துல பேச்சு வந்துச்சு. உமா, ஜனவரில அங்க வரலாம்னு இருக்கேன். லீவு போட்டாச்சு. நான் இப்ப வீகன்னு தெரியும்ல. பால், தயிர், நெய் எதுவும் கிடையாது. அங்க எனக்கு என்ன கிடைக்கும்?

சித்தி
நெய்யுமா விட்டுட்ட? உன் மாமியாரு என்ன சொல்லுதாங்க

கார்த்தி
சித்தி ப்ளீஸ்

உமா
டேய், ரிசார்ட்ல தங்கினா கவலையே இல்ல. அங்க இந்தியச் சமையல்காரங்க இருப்பாங்க, சொன்னா செஞ்சு குடுப்பாங்க. எங்க மாதிரி ஊர்த்தீவுக்கு வந்தா ஒண்ணு தெரிஞ்சுட்டு வா. இங்க "வெஜிடேரியன்"னு சொன்னா கோழி, மாடு போட மாட்டாங்க. மீன் போட்டுருவாங்க. "மீன் வேண்டாம்"னு சொன்னா துண்டை எடுத்துட்டு அதே குழம்பை ஊத்துவாங்க. "மீனும் வேண்டாம், மீன் தண்ணியும் வேண்டாம்"னு சேர்த்துச் சொல்லணும்

உமா
ஏமாத்தணும்னு செய்யல. தினப்படி சாப்பாடே கருதியான்னு ஒரு தெளிஞ்ச மீன்சாறும் சோறும்தான். கூட எலுமிச்சை, வெங்காயம், மிளகாய். மீனைத் தனியா ஒரு சாமானா அவங்க நெனைக்கிறதே இல்ல, நமக்கு உப்பு மாதிரி

கார்த்தி
சரி, டீக்கடைல வடை பஜ்ஜி ஏதாச்சும்?

உமா
ஐயோ அங்கதான் கவனம். பஜியான்னு கேட்டதும் வாயத் திறந்துராத. பார்க்க சமோசா, உள்ள டூனாவும் தேங்காயும். குல்ஹான்னு உருண்டையா ஒண்ணு, போண்டா உருவம், உள்ள அதேதான். மஸ்ரொஷியும் அதேதான். சாயங்காலம் கண்ணாடிப் பெட்டில அடுக்கி வச்சிருப்பாங்க, ஒண்ணுகூட நமக்கு ஆகாது

உமா
[படம்]
இது என்ன சொல்லுங்க பாப்போம். வீட்டுக்காரக்கா நேத்து குடுத்தது

ஆச்சி
[குரல் பதிவு 0:06]

அம்மா
"புளிக்காச்சலா?"ங்காங்க

உமா
ரிஹாக்குரு, ஆச்சி. கருதியாவை மணிக்கணக்கா வத்தக் காய்ச்சினா இப்படிக் கறுப்பா களி ஆகிரும். முழுக்க மீன். மூடியைத் திறந்த பிறகு வாசம் ரெண்டு நாள் நிக்கும். பாட்டிலை அப்படியே பக்கத்து ரூம் மலையாள டீச்சருக்குக் குடுத்துட்டேன், அவங்களுக்கு ஒரே சந்தோஷம்

மாமா
நம்ம பஜார்ல மாசின்னு விக்காம்லா, கல்லு மாதிரி, அதுக்கும் ஊரு அதுதாம். டூனாவை அவிச்சு, புகை போட்டு, வெயில்ல காய வைப்பாங்க. இலங்கைக்காரங்க சம்பலே அது இல்லாம இடிக்க மாட்டாங்க

சித்தி
அண்ணே, சைவ வீட்டுக் குழுல உக்காந்து கருவாட்டு விளக்கம் போதும்

கார்த்தி
அப்ப நான் அங்க வந்து பட்டினியா?

உமா
இல்லடா, கேளு. கடையைப் பார்த்தா ஒண்ணும் இல்லைன்னு தோணும். கொல்லையைப் பார்த்தா கதை வேற. தேங்காய் காசில்லாமக்கூடக் கிடைக்கும். முருங்கை வீட்டுக்கு வீடு நிக்குது. கறிவேப்பிலை, ரம்பை, பப்பாளி, சீமைப்பலா எல்லாம் இருக்கு. கொப்பீன்னு ஒரு கீரை, பொடிசா நறுக்கித் தேங்காயோட பிசையுவாங்க. ஊரே பவழ மணல்தான், காய் வளர்க்கிறது பெரும்பாடு. ஆனா இதெல்லாம் அந்த மணல்லயும் வந்துருது

உமா
காலைல மஸ்ஹுனி சாப்பிடுவாங்க. தேங்காத் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை, டூனா, எல்லாத்தையும் கையால பிசைஞ்சு ரொஷிக்கு, அதாவது அவங்க சப்பாத்திக்கு, தொட்டுக்கிறது. எங்க வீட்டுக்காரக்கா டூனா போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வச்சிருவாங்க, அதுல முருங்கைக்கீரையைக் கசக்கிப் போட்டு. அது உனக்கு முழு வீகன். ஹுனி ரொஷின்னு தேங்காத் துருவலை மாவோட சேர்த்துத் தட்டி சுடுவாங்க, அதுவும் சாப்பிடலாம்

கார்த்தி
இது போதுமே! பால் விஷயம்?

உமா
நீ கொள்கையால விட்ட, நான் கதியில்லாம விட்டேன். பசு மாட்டை இந்தத் தீவுல பார்த்ததே இல்ல. எல்லாம் பால் பவுடர், இல்ல டப்பாப் பால். டீ கேட்டா மில்க்மெய்ட் கலந்து குடுத்துருவாங்க, கட்டன் சாயான்னு மலையாளத்துல சொன்னாக்கூட புரிஞ்சுக்குவாங்க. கேக், பன் பக்கம் போகாத, முட்டை இருக்கும்

அம்மா
பி12 மாத்திரை ரெண்டு பேரும் போடுதீங்களா? செடில இருந்து அது கிடைக்காதுன்னு டாக்டர் எங்கிட்டயே சொன்னார். ஜோலிய சாக்கு சொல்லாதீங்க

கார்த்தி
போடுதேன் பெரியம்மா

உமா
தீர்ந்து போச்சு 🙈

அம்மா
பாத்தியா

சித்தி
சரி சரி, சொதிக்கு வாங்க. உமா, வீட்ல என்ன இருக்கு சொல்லு

உமா
தேங்காய் மூணு. சிறுபருப்பு ஒரு டம்ளர் தேறும். பெரிய வெங்காயம், பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சை. உருளை நாலு. முருங்கைக்காய் பக்கத்து வீட்ல பறிச்சுக்கலாம். கேரட், பீன்ஸ், பட்டாணி கிடையாது. சீமைப்பலா ஒண்ணு இருக்கு. பூசணி கடைல இருக்கு

சித்தி
பூசணியத் தொடாத. சொதி இனிச்சுப் போச்சுன்னா அது சொதியே இல்ல

அம்மா
கொஞ்சமா போட்டா என்ன, வேற காய் இல்லாதப்ப

சித்தி
அக்கா, நீ சாம்பார்ல போட்டுக்கோ. உமா, உருளையும் முருங்கைக்காயும் போதும். சிறுபருப்பை லேசா வறுத்து குழைய வேக வை. தேங்காப்பால் மூணு தடவை எடு. மூணாம் பால்ல காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் வேக விடு. இஞ்சி, பச்சை மிளகாய் அரைச்சு அதுல விடு. காய் வெந்ததும் பருப்பு, ரெண்டாம் பால், உப்பு. ஒரு கொதி. அப்புறம் மொதப் பாலை ஊத்தி, நொரை கூடும்போதே இறக்கிரணும். கொதிச்சா திரிஞ்சுரும். இறக்கி வச்ச பிறகுதாம் எலுமிச்சம்பழம். அடுப்புல வச்சுப் பிழிஞ்சிராத

சித்தி
தாளிக்க தேங்கா எண்ணெய், சீரகம், வெங்காயம், கறிவேப்பிலை. மஞ்சப்பொடி வேண்டாம், வெள்ளையாத்தாம் இருக்கணும்

உமா
மிக்ஸிய நம்ப முடியாது, கரண்ட் அடிக்கடி போகுது. வீட்டுக்காரக்காகிட்ட ஹுனிகொண்டி இருக்கு, குட்டிப் பலகைல முன்னால பல்லு வச்ச இரும்பு நீட்டிட்டு இருக்கும், அதுமேல உக்காந்து திருவணும். மூணு தேங்காயும் அவங்க கண்ணசைக்கிறதுக்குள்ள திருவிருவாங்க. கையால பிழிஞ்சே பால் எடுத்துருவேன்

சித்தி
நல்லது. கூட உருளைக்கிழங்கு சிப்ஸுக்குப் பதிலா அந்தச் சீமைப்பலாவை மெலிசா சீவிப் பொரி. இஞ்சிப் பச்சடிக்குப் புளியும் வெல்லமும் இருக்கா?

உமா
புளி இருக்கு. வெல்லம் இல்ல, தென்னம்பாகு இருக்கு, தியா ஹக்குருன்னு சொல்வாங்க. கள்ளு இறக்கிற மாதிரி பதநீர் இறக்கிக் காய்ச்சுறது

சித்தி
அது வெல்லத்தவிட விசேஷம்லா. ஊத்து

கார்த்தி
ஒரு சொட்டுப் பால் இல்ல, நெய் இல்ல. நம்ம மாப்பிள்ளை விருந்துச் சொதியே வீகன்தான்னு இவ்வளவு நாள் யாரும் எனக்குச் சொல்லலையே

சித்தி
நீதாம் எந்நேரமும் அந்தச் சோயாக் கட்டியவே தேடுத

வெள்ளி

உமா, மதியம் 2:15
[படம்] [படம்]

அம்மா
ஏ நல்லா இருக்கே! நிறம் நம்ம வீட்ல மாதிரியே இருக்கு

சித்தி
மேல எண்ணெய் மிதக்குது, கொஞ்சம் கொதிக்க விட்டுருக்க. பரவால்ல. சிப்ஸ் நல்லா வந்துருக்கு

உமா
சீமைப்பலா சிப்ஸ் உருளையைவிட மொறுமொறுன்னு இருக்கு சித்தி, சத்தியமா. மாவுச்சத்து ஜாஸ்தி, சீவினதும் உப்புத் தண்ணில போட்டு எடுத்துத் துடைச்சுட்டுப் பொரிச்சேன். ஆறு பேர் சாப்பிட்டோம், சட்டி காலி. மலையாள டீச்சர் மட்டும் "இது எங்க இஷ்டுதானே"ன்னாங்க

சித்தி
யாரு சொன்னா? இஷ்டுல பருப்பு எங்க இருக்கு? எலுமிச்சை எங்க இருக்கு? நம்பரக் குடு அவளுக்கு

மாமா
விடும்மா, அடுத்த நாட்டுல போயும் சண்டையா

உமா
வீட்டுக்காரக்காவுக்கு ஒரு கிண்ணம் குடுத்தேன். முழுசா குடிச்சுட்டு ரொம்ப நல்லாருக்குன்னாங்க. கொஞ்சம் மீன் போட்டா இன்னும் நல்லாருக்கும்னாங்க

ஆச்சி
[குரல் பதிவு 0:19]

அம்மா
ஆச்சி சிரிச்சு முடிக்கல இன்னும். ஒண்ணும் எழுத முடியாது

மாமா
உமா, ஒரு ஆளு அடுத்த வாரம் திருவனந்தபுரத்துல இருந்து மாலே வாரான். அஞ்சு கிலோ எடுத்துக்கிடுவான். லிஸ்ட் போடு

அம்மா
முருங்கைக்கன்னு, தூதுவளைச் செடி ஒண்ணும்

உமா
அம்மா செடி, விதை வேண்டாம், அனுமதி கேப்பாங்க. முருங்கை இங்கயே காடா கெடக்கு. சிறுபருப்பு, துவரம்பருப்பு, பெருங்காயம், மிளகுதக்காளி வத்தல், சுண்ட வத்தல், கூழ் வத்தல், பி12. போட் வராத வாரத்துல வத்தல்தான் காய்

உமா
வெந்தயம் கால் கிலோ, சமையலுக்கு. நான் அதை மணல்ல தூவி விட்டு விரக்கடை உயரம் வந்ததும் பறிச்சுருவேன். வேரோட அப்படியே கழுவிப் பருப்புல போடலாம். இந்த மணலுக்கு அது நல்லா வருது

சித்தி
கூழ் வத்தல் நான் போட்டது இருக்கு. மழைக்கு முன்னால காஞ்சது, புளிப்பு கம்மி

மாமா
அஞ்சு கிலோ சொன்னேன், நீங்க பத்து கிலோக்கு வந்தாச்சு

கார்த்தி
ஜனவரில நான் வரும்போது என்ன கொண்டு வரட்டும்?

உமா
இட்லி அரிசி அஞ்சு கிலோ. உனக்குத் துணி ரெண்டு செட் போதும்

அம்மா
அஞ்சு எப்படிக் காணும், பத்தாக் கொண்டு போலே. உளுந்தும் சேத்து