விடுதி அறையில் திருட்டு: பூட்டு என்னுடையது, கதவு யாருடையது?

அறை_14
காரைக்குடிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக விடுதி, பெயர் வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெஸ்ஸுக்குப் போய்விட்டு நாற்பது நிமிஷத்தில் திரும்பினேன். என் பூட்டு பூட்டியபடியே இருந்தது, ஆனால் கொண்டி, நாதாங்கி எல்லாவற்றோடும் சேர்ந்து கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. நிலையில் நாதாங்கியைப் பிடித்திருந்த நாலு ஸ்க்ரூவையும் யாரோ நிதானமாகக் கழற்றி, ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூடவே என் லேப்டாப்பும் போய்விட்டது.

வார்டனிடம் போனால், சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டுகிறார். "உடைமைகளுக்கு மாணவரே பொறுப்பு." சரி, அப்படியானால் ஆண்டுத் தொடக்கத்தில் என் பூட்டின் இரண்டாவது சாவியை எதற்கு வாங்கி வைத்தார்கள்? ஆபீஸில் ஆணியடித்த பலகையில் அறை எண் எழுதி மாட்டியிருக்கிறது. நோட்டில் கையெழுத்துப் போட வருகிற எல்லோர் கண்ணிலும் படும். பொறுப்பு மட்டும் எப்படி முழுசாக என் தலையில் விழும்?

பழைய_வார்டன்
தம்பி, ஒன்பது வருஷம் துணை வார்டனாக இருந்தவன் சொல்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை நிலைமேல் வைப்பான் ஒருத்தன், வாசலில் கிடக்கிற ஷூவுக்குள் போடுவான் இன்னொருத்தன். அறைத்தோழனுக்காக ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனவனும் உண்டு. பொருள் போனதும் நேராக ஆபீஸுக்கு வருவார்கள். முன்னூறு அறைக்கு ஒரு ஷிஃப்ட்டில் ரெண்டு வாட்ச்மேன். அவர்கள் யார் அறையைப் பார்ப்பது?

இரண்டாவது சாவி வாங்குவது உளவு பார்க்க இல்லை. இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் தீபாவளிக்கு ஊருக்குப் போனான் ஒரு பையன். புகை வந்தபோது பூட்டை உடைக்க கடப்பாரை தேட வேண்டியிருந்தது. அன்றிலிருந்துதான் எங்கள் விடுதியில் இந்த வழக்கம்.

தேவகோட்டை_வக்கீல்
கையெழுத்துப் போட்ட தாளோடு கதை முடிந்துவிடாது. டெல்லியில் ஒரு ஓட்டலில் கார் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார் ஒருவர், திரும்பி வந்தால் கார் இல்லை. ஓட்டல் கொடுத்த பார்க்கிங் சீட்டில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருந்தது. கவனக்குறைவிலிருந்து தப்ப அந்த அச்சு மட்டும் போதாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதற்கு அடிப்படை 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151-ம் பிரிவு. அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கியவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய_வார்டன்
வக்கீல் சார், அங்கே காரே அவர்கள் கைக்குப் போய்விட்டது. இங்கே அறையும் லேப்டாப்பும் பையன் வசம்தானே இருந்தன? அதுவும் போகட்டும், திருடன் சாவியால் திறக்கவே இல்லை. ஆணிப் பலகையை எதற்கு இதில் இழுக்கிறீர்கள்?

தேவகோட்டை_வக்கீல்
நியாயமான கேள்விதான். லேப்டாப்பை ஒப்படைத்ததாக வாதிடுவது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதவும் நிலையும் நிர்வாகத்தினுடையவை. அந்தப் பக்கம்தான் கேள்வி போக வேண்டும்.

பூட்டுக்கடை_திண்டுக்கல்
திண்டுக்கல்காரன், காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். அந்தத் திருடன் பூட்டைத் தொடக்கூட இல்லை, அதை யாரும் பேசக் காணோம்.

கொண்டியை மடித்து மூடினால், அது ஸ்க்ரூத் தலைகள் எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். அப்படி மறைக்கிற கொண்டிக்கு விலை கொஞ்சம் கூட, அவ்வளவுதான். விடுதி காண்ட்ராக்டில் அதைப் போடமாட்டார்கள். வெளியே தெரிகிற தலை, அரை இஞ்ச் ஸ்க்ரூ, அதுவும் பழைய மரத்தில். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஸ்க்ரூவுக்குப் பதில் கதவிலும் நிலையிலும் துளை போட்டு, வெளியே வழவழப்பான குமிழ்த்தலை, உட்பக்கம் நட்டு என்று போல்ட் போட்டால் வெளியிலிருந்து கழற்ற முடியாது. இதை மாணவன் எப்படிச் செய்வான்? கதவு அவனுடையது இல்லையே.

மாணவர்கள் பக்கமும் குறை உண்டு. ஜூன் மாதம் கடைக்கு வந்து "இருக்கிறதிலேயே குறைந்த விலை" என்று கேட்பார்கள். அந்த வகைப் பூட்டில் சாவி வெட்டு வகைகள் கொஞ்சம்தான். ஒரே பெட்டியிலிருந்து ரெண்டு பூட்டை எடுத்து, ஒன்றின் சாவியால் இன்னொன்றைத் திறந்து காட்டியிருக்கிறேன். சிரித்துவிட்டு அதையே வாங்கிப் போகிறார்கள். எங்கள் ஊர் கைவேலைப் பூட்டில் லீவர் (உள்ளே சாவி தூக்கிவிடுகிற தகடு) கூடக் கூட அடுத்த சாவி பொருந்துவது அரிது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. (அதே சமயத்தில்தான் உங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது, ஞாபகம் இருக்கிறதா?)

முனைவர்_பாதி
கதவோடு பொருத்துகிற பெட்டிப்பூட்டு வைத்து எல்லா அறைக்கும் ஒரு மாஸ்டர் சாவி என்று எங்கள் துறைக் கட்டடத்தில் பேச்சு ஓடுகிறது. வேண்டாம் என்பேன். ஒரு சாதாரண அறைச் சாவியும், இன்னும் வெட்டுப் போடாத சில வெற்றுச் சாவிகளும், ஓர் அரமும் இருந்தால், பூட்டைப் பிரிக்காமலே மாஸ்டர் சாவியின் வெட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று 2003-லேயே மாட் பிளேஸ் என்ற ஆய்வாளர் விளக்கமாக எழுதிவிட்டார்.

கண்டனூர்_ஆச்சி
எங்கள் வீட்டில் பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பம். வளவைச் (நடு முற்றத்தை) சுற்றி ஆளுக்கொரு அறை, அதில் அவரவர் சாமான், அவரவர் பூட்டு. அப்பத்தா சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பார்கள், குளிக்கப் போனாலும் கையோடு போகும். உள்ளறைச் சாவியை ஆணியில் மாட்டி நான் பார்த்ததே இல்லை. பெருஞ்சாவி முகப்புக் கதவுக்கு மட்டும்தான். அது எந்தப் பங்காளி பொறுப்பில் இருக்கிறதோ, அவர் அந்த வருஷம் வீட்டுக்கே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை முகப்பைச் சரியாகப் பூட்டாமல் விட்டு, சின்னையா அறையிலிருந்து வெள்ளிச் செம்பு ரெண்டு போய்விட்டது. "உன் அறை, உன் பொறுப்பு" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. முகப்புச் சாவி வைத்திருந்தவர்தான் செம்புக்குப் பணம் எண்ணிக் கொடுத்தார். வார்டன் தம்பி, பட்டப்பகலில் திருப்புளியோடு ஒருத்தன் உங்கள் முகப்பைத் தாண்டி வந்து உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான். அதைக் கேளுங்கள் முதலில்.

பழைய_வார்டன்
ஆச்சி சொன்னபிறகு மறுத்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. ஆணிப் பலகை தப்பு, ஒப்புக்கொள்கிறேன். சாவிகளைப் பூட்டிய அலமாரியில் வைத்து, எடுத்தவர் பெயரும் நேரமும் நோட்டில் ஏற வேண்டும். அறை எண்ணை சாவியிலேயே எழுதக் கூடாது. ஆனால் பங்காளி வீட்டில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். இங்கே வந்தவன் உள்ளேயே தங்குகிற பையனாக இருந்தால் வாட்ச்மேன் எப்படி நிறுத்துவான்? இந்த விஷயத்தில் நான் மாறவில்லை.

தேவகோட்டை_வக்கீல்
அறை_14, இவ்வளவு பேசியும் ஒன்றைக் கேட்க விட்டுவிட்டோம். போலீஸுக்குப் போனீர்களா? மனு ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், அது இலவசம். குடியிருக்கும் கட்டடத்தில் திருட்டு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 305-ம் பிரிவு, ஏழு வருஷம் வரை தண்டனை. லேப்டாப் பில்லில் சீரியல் எண் இருக்கும், அதைப் புகாரில் எழுதுங்கள். அந்த நாலு ஸ்க்ரூவைக் கையால் தொட்டீர்களா?

அறை_14
தொட்டுவிட்டேன் சார், எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புகார் நாளைக் காலையில் கொடுக்கிறேன்.

இன்னொரு விஷயம். பூட்டுக்கடை அண்ணன் சொன்ன மாதிரி நாலு போல்ட் வாங்கிக்கொண்டு, துளை போட வார்டனிடம் அனுமதி கேட்டேன். "கதவு நிர்வாகத்தின் சொத்து, மாணவர்கள் கைவைக்கக் கூடாது" என்கிறார்.

தேவகோட்டை_வக்கீல்
அதை அப்படியே எழுத்தில் வாங்குங்கள். தேதியோடு.