ஓதம் ஏறிய சுவரை ஒட்டிப் புது அறை: செங்கல்லா, ஏஏசி பிளாக்கா, ஜிப்சம் போர்டா?

கீழ்வீட்டுக்காரன் (பிப்ரவரி 18)

வணக்கம். மடிப்பாக்கத்தில் 1996ல் அப்பா கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு வேலை ஒன்றாக வந்து நிற்கிறது.

ஹாலின் கிழக்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி வரை பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. விரலால் அமுக்கினால் பொருபொருவென்று வெள்ளைத் தூள் கொட்டும். மூன்று வருடத்தில் இரண்டு முறை சுரண்டி, பட்டி பார்த்து, ஓதம் தாங்கும் என்று சொல்லி விற்ற பெயிண்டையும் அடித்துப் பார்த்துவிட்டோம். ஐப்பசி அடைமழை முடிந்தால் மறுபடி அதே கோலம்.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகப்போகிறது. அதனால் ஹாலைப் பிரித்து, அதே கிழக்குச் சுவரை ஒட்டி ஏசியோடு ஒரு அறை. 11 அடி நீளத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். மேஸ்திரி 4 அங்குலச் செங்கல் சுவர் என்கிறார். இன்டீரியர்காரர் ஜிப்சம் போர்டு போட்டால் மூன்றே நாளில் முடியும், கிழக்குச் சுவரைப் பிவிசி பேனல் அடித்து மூடிவிட்டால் ‘கண்ணுக்கே தெரியாது சார்’ என்கிறார். மச்சான் ஏஏசி பிளாக் (உள்ளே காற்றறைகள் உள்ள லேசான சிமென்ட் கல்) கட்சி. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. 2023ல் மிக்ஜாம் புயல் வந்தபோது வாசற்படியோடு நின்றுவிட்டது. இதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (பிப்ரவரி 18)

பேனல் மட்டும் வேண்டாம். திருவான்மியூரில் எங்கள் வீட்டில் போட்டோம். ஒன்றரை வருடம் அழகாகத்தான் இருந்தது. அப்புறம் மழை பெய்தால் அந்த அறையில் ஈரச் சாக்கு நாற்றம். கழற்றினால் பின்பக்கம் முழுக்கக் கரும்பூசணம், ஆணி அடிக்க வைத்திருந்த மரச்சட்டத்தில் கரையான் புற்று, கரப்பான் குடும்பம் வேறு. சுவர் முன்பு இரண்டடி வரைதான் ஈரமாக இருந்தது. மூடி வைத்ததும் நான்கடி ஏறிவிட்டது.

கலவைக்காரி (பிப்ரவரி 19)

சைட் எஞ்சினியர், 14 வருடமாகச் சென்னையில்தான் வேலை. சார், கல்லைப் பற்றி அப்புறம் பேசலாம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதைக் கட்டினாலும் அது பெயிண்ட் செலவுதான். மூன்று காரியம் செய்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டு பாலிதீன் துண்டு எடுத்து, ஒன்றைத் தரையிலிருந்து ஓரடி உயரத்திலும் இன்னொன்றை ஐந்தடி உயரத்திலும் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அது அறைக் காற்றின் ஈரம்.

அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ சம்ப்போ இருக்கிறதா?

கடைசியாக, வெளியே சந்தின் தரை உள்தரையைவிட உயரமா, தாழ்வா? கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். மேஸ்திரியிடம் ட்யூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பும் குழாய்) இருக்கும், அதை வைத்துப் பாருங்கள்.

கீழ்வீட்டுக்காரன் (பிப்ரவரி 23)

பார்த்தாயிற்று மேடம். கீழ்த் தாளின் உள்ளே குளித்த கண்ணாடி மாதிரி நீர். மேல் தாள் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. பின்னால் குளியலறை, சம்ப் எதுவும் இல்லை, நாலடிச் சந்துதான்.

ட்யூப் லெவல்தான் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னல் வழியாகக் குழாயை விட்டு இரண்டு பக்கமும் கோடு போட்டு அளந்தால், சந்தின் தரை எங்கள் ஹால் தரையைவிட இரண்டு அங்குலம் உயரம்! வெள்ளம் வடிந்த பிறகு 2016ல் சந்தில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று அப்பாதான் ஒன்பது அங்குலத்துக்குக் கப்பி கொட்டி கான்கிரீட் போட்டார். யோசித்துப் பார்த்தால் சுவர் உப்பத் தொடங்கியது அதற்கு அடுத்த வருடத்திலிருந்துதான். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கலவைக்காரி (பிப்ரவரி 23)

அப்பா மேல் தப்பில்லை. ரோட்டின் மேல் ரோடு போட்டுக்கொண்டே போகும் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.

பேஸ்மட்டத்து மேல்மட்டத்தில் ஈரம் மேலே ஏறாமல் இருக்க ஒரு தடுப்புப் பூச்சு போட்டிருப்பார்கள். வெளித்தரை அதற்குக் கீழே இருக்கும்வரைதான் அதற்கு வேலை. உங்கள் சந்து இப்போது அதைத் தாண்டிவிட்டது. மழைத் தண்ணீர் தடுப்புக்கு மேலேயே பக்கவாட்டில் செங்கல்லுக்குள் போகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற கதைதான். ஏறும் நீர் மண்ணிலும் கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. பூச்சின் மேல் நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிப் படிகமாகிப் பெருக்கிறது. பெயிண்டை உள்ளிருந்து தள்ளுவது அதுதான். விலை உயர்ந்த பெயிண்டும் அதற்கு முன்னால் நிற்காது.

முதல் வேலை: சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கான்கிரீட்டை வெட்டி, உள்தரைக்கு அரை அடி கீழே வரை தோண்டி, தெருப்பக்கம் சரிவு கொடுத்துக் கால்வாய் ஆக்குங்கள். வெளிச்சுவரின் அந்த அடிப்பாகத்துக்கு நீர்த்தடுப்புப் பூச்சு.

உள்ளே, ஈரக்கோட்டுக்கு ஓரடி மேலே வரை, அதாவது மூன்றரை அடிக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லை அப்படியே வெயில் காலம் முழுக்க விடுங்கள். வெளியே வரும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி, அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி சுவருக்குள் போய்விடும். 9 அங்குலச் சுவர், முழுதாகக் காயப் பல மாதம் பிடிக்கும். அவசரப்பட்டு ஏப்ரலிலேயே பூசிவிடாதீர்கள்.

புதுச் சுவருக்கு என் ஓட்டு 4 அங்குல ஏஏசி பிளாக். 10 அடி உயரத்தில், இரண்டு பக்கப் பூச்சோடு செங்கல் சுவர் ஓரடி நீளத்துக்கு ஏறத்தாழ 240 கிலோ வரும். ஏஏசி 105 கிலோதான்.

சுண்ணாம்புத்தாத்தா (பிப்ரவரி 24)

ஓய்வு பெற்ற அரசு ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) நான். தங்கச்சி சொன்ன வைத்தியம் அத்தனையும் சரி. ஏஏசியில் மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. உள்ளே பஞ்சு மாதிரி காற்றறைகள். முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் நின்றால் நன்றாகக் குடித்துவிடும், கரையாது, ஆனால் காய மாதக்கணக்காகும். எடை குறைவு என்பது மாடியில் ஸ்லாபின் மேல் கட்டும்போது பெரிய லாபம். தரைத்தளத்தில் என்ன லாபம்?

தம்பி, ஜிப்சம் போர்டை மறந்துவிடுங்கள். பச்சை நிறத்தில் விற்பது ஈரக் காற்றைக் கொஞ்சம் தாங்கும், வெள்ளத்தைத் தாங்காது. மேலே ஒட்டியிருக்கும் காகிதம் பூசணத்துக்குச் சாப்பாடு. பலகைதான் வேண்டும் என்றால் ஃபைபர் சிமென்ட் போர்டு, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தில், தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி அடிக்க வேண்டும். நனைந்தாலும் காய்ந்துவிடும். ஆனால் இணைப்புகளில் கோடு விழும்.

மறு பூச்சுக்கு ஜிப்சம் பிளாஸ்டரும் வேண்டாம், அது நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக்கூடிய பொருள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்தது, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் கிடைத்தால் மூன்றரை அடிக்கு மட்டும் அதைப் போடுங்கள். பெயர் வைத்துக்கொண்டதால் சொல்லவில்லை!

கலவை எதுவானாலும் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொடாதீர்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456.

குளிர்சாதனம் (பிப்ரவரி 24)

ஏசி மெக்கானிக் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் கோக்கும். சென்னையில் பாதி வருடம் இதுதான் நிலைமை. 18ல் ஏசி ஓடும் அறையின் தடுப்புச் சுவர் மெல்லியதாக இருந்தால் பூசணம் அறைக்குள் வராது, ஹால் பக்கம் வரும், அதுவும் சோபாவின் முதுகுக்குப் பின்னால். அந்த அறையின் வெளிச்சுவரில் உள்பக்கம் வினைல் வால்பேப்பரும் ஒட்ட வேண்டாம். வெளியிலிருந்து வரும் ஈரம் அதன் பின்னால் மாட்டிக்கொள்ளும். 25ல் வைத்து ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்வீட்டுக்காரன் (பிப்ரவரி 25)

அப்பா 18ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிற ரகம். ரிமோட்டை ஒளித்து வைக்கிறேன்.

கேட்க மறந்தது: ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பிடித்து எழுந்திருக்க இந்தப் புதுச் சுவரில்தான் கைப்பிடிக் கம்பி வரும். அப்பா 84 கிலோ.

கலவைக்காரி (பிப்ரவரி 25)

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்! சரி, என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். ஏஏசியில் சாதாரண ஆங்கர் போல்ட் அடித்துத் தினமும் 84 கிலோ இழுத்தால் ஒருநாள் கல்லோடு பெயர்ந்து வரும். சுவரின் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்துப் போல்ட்டை ஊடே விட்டுத்தான் முடுக்க வேண்டும். ஹாலில் அந்தத் தகடு துருத்திக்கொண்டு நிற்கும். நல்ல செங்கல் என்றால் இந்தத் தொல்லை குறைவு, வெள்ளத்துக்கும் ஐயா சொன்னது நியாயம். மேஸ்திரி சொன்னபடியே கட்டுங்கள்.

ஆனால் டைல்ஸ் மேல் நேராகக் கட்டவிடாதீர்கள். அடியில் நிரப்பிய மணல் இறங்கினால் சுவர் விரியும். தரையை ஓரடி அகலத்துக்கு உடைத்து, கம்பி போட்டு ஒரு சின்ன கான்கிரீட் பெல்ட், அது தரைக்கு மேல் ஆறு அங்குலம் எழும்பி நிற்கட்டும். நாலடி உயரத்தில் ஒரு மூன்று அங்குலக் கான்கிரீட் பட்டை. பழைய சுவரோடு சேரும் இடத்தில் கோழிவலை வைத்துப் பூசுங்கள். செங்கல்லைத் தட்டிப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், ஊறவைத்து எடை போடுங்கள். 24 மணி நேரத்தில் சொந்த எடையில் 20 சதவீதத்துக்கு மேல் குடித்தால் திருப்பி அனுப்புங்கள்.

கீழ்வீட்டுக்காரன் (மார்ச் 9)

காய்கறித் தராசில் போட்டேன். முதலில் வந்த மாதிரிக் கல் 2.8 கிலோ, ஒரு நாள் வாளியில் கிடந்து 3.5 கிலோ ஆனது. 25 சதவீதம்! மேஸ்திரி முகம் வாடிவிட்டது. அடுத்து அவரே வேறு சேம்பர் சூளையிலிருந்து கொண்டுவந்த கல் 3 கிலோ, ஊறிய பின் 3.4. அதையே எடுத்தாயிற்று. செங்கல்தான் என்று முதலிலிருந்தே அவர் சொன்னார். ஏன் என்று கேட்டால் ‘எங்க தாத்தாவும் அதுலதான் கட்டினாரு’ என்பதற்கு மேல் பதில் வரவில்லை.

தடுப்புச் சுவர் எழும்பிவிட்டது. சிமென்ட் ஒன்றுக்கு பி சாண்ட் (நைசான கல் மணல்) ஐந்து என்று கலவை, மெட்ரோ தண்ணீர், ஏழு நாள் சாக்கு கட்டி நனைத்தோம். கிழக்குச் சுவர் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா அதன் முன்னால் புடவைத் திரை கட்டியிருக்கிறாள்.

உப்புக்காற்று (ஜூன் 2)

என்ன ஆயிற்று? நாங்களும் அடுத்த மாதம் கொத்தப் போகிறோம்.

கீழ்வீட்டுக்காரன் (நவம்பர் 27)

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆஸ்பத்திரி அலைச்சல். மார்ச்சில் வாரம் ஒரு முறம் உப்பு அள்ளினோம், மே கடைசியில் விரல் நுனிக்குத்தான் வந்தது. ஆகஸ்ட் வரை விட்டுவிட்டோம். காரைக்குடி ஆட்கள் கிடைக்கவில்லை. வேலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து சுண்ணாம்புச் சாந்து பூசிக் கொடுத்தார். மேலே வெறும் வெள்ளைச் சுண்ணாம்புதான், பட்டி, எமல்ஷன் எதுவும் இல்லை.

இந்த மாதம் நான்கு நாள் விடாத மழை. கால்வாயில் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. பாலிதீன் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்தேன். உள்ளே காய்ந்திருக்கிறது, தெற்கு மூலையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு லேசான மங்கல். அங்கே கால்வாய்க்குக் குறுக்கே மாடிவீட்டுத் துணி துவைக்கும் கல் கிடக்கிறது. தண்ணீர் தேங்குவது அதன் பின்னால்தான். ஞாயிற்றுக்கிழமை அதை நகர்த்த ஆள் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கைப்பிடியைப் பிடித்து எழுந்து நடக்கிறார். சந்து விஷயத்தைச் சொன்னேன். ‘அப்ப அந்தக் கப்பிக்குக் கொடுத்த காசு?’ என்றார்.