முழுத்தடி வீடு: பைன் தடியில் நீலம் பாரிக்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் உறவுகளே. கனடாவில், ஒன்டாரியோவின் ஹன்ட்ஸ்வில் பக்கம் முழுத்தடிகளை அடுக்கி ஒரு சின்ன வீடு கட்டப் போகிறேன். வெள்ளைப் பைன் தடிகள் வந்து இறங்கிவிட்டன. வசந்தத்தில் சாறு ஏறும்போது வெட்டியிருந்தால் பட்டை நீளநீளமாக உரிந்து வந்திருக்கும். இது குளிர்கால வெட்டு. இரண்டு கைப்பிடிக் கத்தியால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கையுறை முழுக்கப் பிசின், அது வேறு கதை.

வெயில் ஏறியதும் உரித்த தடிகளில் நீலம் பாரிக்கத் தொடங்கிவிட்டது. பூஞ்சைதான், மரத்தின் பலம் குறையாது என்று தெரியும். ஆனால் வரவேற்பறைச் சுவர் அழுக்குத் துணி மாதிரி இருந்தால் எப்படி? தரையில் படாமல் குறுக்குக்கட்டை மேல் அடுக்கி, மேலே தகரமும் போட்டிருக்கிறேன். முனைகளுக்கு மெழுகும் பூசியாயிற்று. இனி போரேட் (பூஞ்சை, பூச்சிக்கு அடிக்கும் போரான் உப்பு) கரைசல் அடித்தால் பரவாமல் நிற்குமா? ஏறிய நிறத்தைப் போக்க வழி உண்டா?

அப்புறம், ஈரம் 19 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை பொறு என்கிறார்கள் சிலர். காயாத பச்சைத் தடியிலேயே கட்டலாம், தடி காய்ந்து சுருங்கச் சுருங்க 8 அடிச் சுவர் 6 அங்குலம் வரை இறங்கும், சன்னலுக்கு மேல் இடைவெளி விடு என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் மாடிப்படியையும் புகைபோக்கியையும் இப்படி இறங்கும் சுவரோடு எப்படிப் பொருத்துவது? கட்டிப் பார்த்த அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.