மேற்கு சஹாரா: தென்னாப்பிரிக்கா தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

உம்கேனிக்கரை (டர்பன்)

ஐ.நா. பாதுகாப்பு அவை 2025 அக்டோபர் 31 அன்று ஸ்பெயினின் முன்னாள் குடியேற்றமும் இன்று பெரும்பகுதி மொராக்கோ வசம் உள்ளதுமான மேற்கு சஹாரா குறித்து நிறைவேற்றிய 2797ஆம் தீர்மானத்தைப் பற்றி இங்கே எவரும் எழுதாததால் நானே தொடங்குகிறேன். மொராக்கோ 2007இல் முன்வைத்த தன்னாட்சித் திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு பேச்சுவார்த்தை நடைபெற வேண்டும் என்று அத்தீர்மானம் கூறுகிறது. 11 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா, சீனா, பாகிஸ்தான் மூன்றும் வாக்களிக்காமல் ஒதுங்கின. அல்ஜீரியா வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவே இல்லை. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை.

நம் நாடு 2004 முதல், அம்மண்ணின் விடுதலைக்குப் போராடும் போலிசாரியோ முன்னணி அறிவித்த சஹ்ராவி குடியரசை அங்கீகரித்து, சுதந்திரத்தையும் ஒரு தெரிவாகக் கொண்ட பொது வாக்கெடுப்பு நடந்தே ஆக வேண்டும் என்று வலியுறுத்திவருகிறது. அந்த நிலைப்பாட்டின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அதனால் இன்று சஹ்ராவி மக்களுக்கு என்ன பயன் என்று கேட்கிறேன். 1991 செப்டம்பர் 6 அன்று மொராக்கோவுக்கும் போலிசாரியோவுக்கும் இடையே போர்நிறுத்தம் நடப்புக்கு வந்தபோது, வரும் ஜனவரியிலேயே வாக்கெடுப்பு என்றார்கள். ஜேம்ஸ் பேக்கர், கிறிஸ்டோபர் ராஸ், ஹோர்ஸ்ட் கோலர், இப்போது ஸ்டஃபான் டி மிஸ்துரா என்று ஐ.நா. தூதர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வாக்குப்பெட்டி மட்டும் வரவில்லை. கோலர் 2019 மே மாதம் விலகிய பின், அந்த இடத்துக்கு ஒருவரை நியமிக்கவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவெளியில்தான், 2020 நவம்பரில், மொரிட்டானியா எல்லையருகே உள்ள குவெர்குராத் சாலையில் மொராக்கோ படை இறங்கியது. போர்நிறுத்தம் முடிந்துவிட்டது என்று போலிசாரியோ முன்னணி அறிவித்தது.

அமெரிக்கா 2020இலும், ஸ்பெயின் 2022இலும், பிரான்ஸ் 2024இலும், பிரிட்டன் 2025 ஜூனிலும் மொராக்கோவின் பக்கம் சாய்ந்துவிட்டன. அல்ஜீரியாவின் டிண்டூஃப் அகதி முகாம்களில் 1,73,000 பேர் இருப்பதாக 2018இல் ஐ.நா. மதிப்பிட்டது. அங்கே பிறந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது அங்கேயே வளர்கிறார்கள். அவர்களுக்குத் தன்னாட்சியேனும் கிடைக்கட்டும், அதன் உள்ளடக்கத்தை வலுப்படுத்த நாம் பேச்சு மேசைக்குள் இருந்து உழைப்போம் என்பதே என் முன்மொழிவு. நம் மாகாணத்தில் அதிக வாக்குப் பெற்ற எம்.கே. கட்சியின் தலைவர் ஜேக்கப் சூமா 2025 ஜூலையில் மொராக்கோ தலைநகர் ரபாத்துக்கே சென்று இதையொத்த கருத்தை அறிவித்தார். அவர் சொன்னதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நம் நாட்டுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கலைந்துவிட்டது என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

மலபார்வாசி (கெபெர்ஹா)

அண்ணா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது; முடிவை ஏற்க இயலவில்லை. நாள்பட்டுக் கிடக்கும் ஒரு திட்டம் செத்துப்போன திட்டம் என்ற உங்கள் அடிப்படையே தவறானது என்பதற்கு நம் நாட்டின் வரலாறே சான்று.

அன்று நம் நாட்டின் ஆட்சியில் இருந்த நமீபியாவை நினைத்துப் பாருங்கள். ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடத்தி அந்நாட்டுக்கு விடுதலை அளிக்க வேண்டும் என்ற 435ஆம் தீர்மானம் 1978இல் நிறைவேறியது. அதை இழுத்தடித்தது பிரிட்டோரியாவில் அமர்ந்திருந்த அன்றைய அரசு. அங்கோலாவிலிருந்து கியூபப் படைகள் வெளியேறினால்தான் பேச்சு என்று ரேகன் நிர்வாகம் இன்னொரு முடிச்சைப் போட்டது. ஐந்து மேலை நாடுகள் சேர்ந்து அமைத்த தொடர்புக் குழு களைத்துச் செயலற்றுப்போனது. அப்போதும், நடைமுறைக்கு ஒத்துவரும் தீர்வை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நமீபிய விடுதலை இயக்கமான ஸ்வாப்போவுக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. 1988 டிசம்பரில் நியூயார்க்கில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1989 நவம்பரில் தேர்தல் நடந்து, 1990 மார்ச் 21 அன்று நமீபியா விடுதலை பெற்றபோது, பயன்பட்டது பத்தாண்டு தூசி படிந்த அதே 435தான். இடையில் எவரேனும் அதைக் கைவிட்டிருந்தால், காலம் கனிந்தபோது எடுத்துப் பயன்படுத்த எதுவும் இருந்திருக்காது.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மொராக்கோ சுல்தானுக்கும் அப்பகுதியின் சில குலங்களுக்கும் விசுவாசத் தொடர்பு இருந்தது. ஆயினும் அம்மக்களின் சுயநிர்ணய உரிமையை மறுக்கும் அளவுக்கான நில இறையாண்மைத் தொடர்பு எதுவும் இல்லை என்று 1975 அக்டோபர் 16 அன்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. மூன்று வாரங்களுக்குள் சுமார் 3,50,000 பேரைப் பசுமைப் பேரணி என்ற பெயரில் எல்லைக்கு அனுப்பினார் மன்னர் ஹசன்.

எங்கள் ஊர்த் துறைமுகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2017 மே தொடக்கத்தில், மேற்கு சஹாராவின் எல் அயூனிலிருந்து நியூசிலாந்துக்கு 50,000 டன்னுக்கும் மேல் பாஸ்பேட் ஏற்றிச் சென்ற செர்ரி பிளாசம் என்ற கப்பல் இங்கே நிறுத்தப்பட்டது. அந்தச் சரக்கு தங்கள் மண்ணிலிருந்து தங்கள் ஒப்புதலின்றி எடுக்கப்பட்டது என்று சஹ்ராவி தரப்பு இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. மொராக்கோவின் அரசு நிறுவனம் வழக்கிலிருந்து விலகிக்கொண்டது. 2018 பிப்ரவரியில் சரக்கின் உரிமை சஹ்ராவி தரப்புக்கே என்று தீர்ப்பாயிற்று. அதன் பிறகு அந்தப் பாஸ்பேட்டை ஏற்றும் கப்பல்கள் எங்கள் துறைமுகத்தை எண்ணி அஞ்சின. நியூயார்க்கில் எந்த அறிக்கையாலும் செய்ய முடியாததை ஒரு மாகாண நீதிமன்றம் செய்தது. 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றமும், மேற்கு சஹாரா மக்களின் ஒப்புதல் இல்லை என்ற காரணத்தால் மொராக்கோவுடனான மீன்பிடி, வேளாண் வணிக உடன்பாடுகள் செல்லாது என்றது. வாக்கெடுப்பு வேண்டாம் என்று சொல்வதற்கு மொராக்கோ இதுவரை எந்த விலையும் கொடுத்ததில்லை. விலை கொடுக்க வைக்கும் வழிகள் இவை. நாம் அவற்றை விட்டுவிட்டால் மேசையில் நம்மிடம் என்ன இருக்கும்?

லெனேசியாவிலிருந்து ஒருவன்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இந்நாட்டுக்கு வந்தவன். தன்னாட்சி என்ற சொல்லை இவ்வளவு எளிதாக நம்பும் உம்கேனிக்கரை அண்ணாவிடம் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

1987 இந்திய இலங்கை உடன்படிக்கையின்படி வடக்கும் கிழக்கும் இணைந்த ஒரே மாகாணம் உருவானது. இரு நாட்டுத் தலைவர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கை அது. 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த இணைப்புச் செல்லாது என்றது. ஒரு நாட்டின் அரசமைப்புக்குள் அடங்கிய தன்னாட்சியை அந்நாட்டின் நாடாளுமன்றமோ நீதிமன்றமோ எப்போது வேண்டுமானாலும் கலைத்துவிட முடியும். மொராக்கோவின் 2007 திட்டத்தைப் படித்துப் பாருங்கள்: பாதுகாப்பு, வெளியுறவு, மன்னரின் சமய, அரசமைப்பு அதிகாரங்கள் யாவும் ரபாத்திடமே இருக்கும், தன்னாட்சிப் பகுதியின் அரசுத் தலைவரையும் மன்னரே பதவியில் அமர்த்துவார். மன்னர் மனம் மாறினால் முறையிடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

இரண்டாவது, பல நாடுகள் கூடி நின்றால் அமைதி காக்கப்படும் என்ற நம்பிக்கை. 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் நோர்வே நடுவில் நின்றது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், நோர்வே நான்கும் இணைத்தலைமை நாடுகள் ஆயின. 2003 ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டாலர் உதவி அறிவித்தார்கள். அதற்குள் பேச்சு முறிந்துவிட்டது; தடைப்பட்டியலைக் காரணம் காட்டி வாஷிங்டன் கூட்டத்துக்குப் புலிகளை அழைக்காதது அம்முறிவுக்கு ஒரு காரணம். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதிக்க, ஒன்றிய நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கூற, சுவீடனும் டென்மார்க்கும் பின்லாந்தும் போயின. மிஞ்சியவை நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டுமே. 2008 ஜனவரியில் உடன்பாட்டிலிருந்து அரசு விலகியபோது, இணைத்தலைமை நாடுகள் வருத்தம் தெரிவித்தன. அந்த வருத்தம் ஓர் உயிரைக்கூடக் காக்கவில்லை. இதை நான் ஆறாத மனத்தோடுதான் எழுதுகிறேன்.

உம்கேனிக்கரை

தம்பி, நீங்கள் இழந்தவற்றுக்கு முன் நான் வாதாட வரவில்லை. ஆனால் உங்கள் எடுத்துக்காட்டு என் பக்கமும் பேசுகிறது: முழுமையான தீர்வு கிட்டும் வரை இடைக்கால ஏற்பாடு எதையும் இரு தரப்பும் நிலைக்க விடாததால்தான் போர் திரும்பி வந்தது.

மலபார்வாசிக்கு ஒரு கேள்வி. நமீபியாவில் 435ஐ நகர்த்தியது எது? அங்கோலாவின் குய்ட்டோ குவனவாலேயில் நடந்த போர், சோவியத் ஒன்றியத்தின் தளர்ச்சி, வெள்ளை அரசின் கருவூலம் வற்றியது. இவற்றுள் ஒன்றேனும் இன்று சஹாராவில் தென்படுகிறதா? மொராக்கோ எழுப்பிய மணல் சுவர் 2,700 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் மேற்கே நகரங்களும் துறைமுகங்களும் சாலைகளும் வளர்ந்துகொண்டே போகின்றன. நிலத்தை உழுதுகொண்டிருப்பவனுக்கு வழக்கு முடிய வேண்டிய அவசரம் இல்லை. காத்திருப்பதால் ஒவ்வோராண்டும் நட்டப்படுபவர்கள் முகாமில் இருப்பவர்களே. உங்கள் கப்பல் வழக்கில் நீதி கிடைத்தது உண்மை; அதனால் எத்தனை குடும்பங்கள் மேற்கு சஹாராவின் ஸ்மாரா நகருக்குத் திரும்பின?

சாட்ஸ்வர்த் ஆசிரியை

பிள்ளைகள் இருவரும் தத்தம் வழியில் நின்று பேசுகிறீர்கள். நடுவில் விடுபட்ட ஒன்றை நான் நிரப்புகிறேன், ஏனெனில் அதுவே இந்த முயற்சி எங்கே நின்றுபோனது என்பதைக் காட்டுகிறது.

வாக்கெடுப்பு தடைப்பட்டது சுதந்திரமா இணைப்பா என்ற கேள்வியால் அல்ல; வாக்காளர் யார் என்ற கேள்வியால். 1974இல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் இருந்தார்கள். அதில் இடம்பெறாத பல்லாயிரவரைச் சேர்க்க வேண்டும் என்று மொராக்கோ கோரியது. மினுர்சோ எனப்படும் ஐ.நா. பணிக்குழு பாலைவனத்தில் குல மூப்பர்களை உட்காரவைத்து, ஒவ்வொருவராக விசாரித்து, 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 86,000 பேரைத் தகுதியுடையோர் என்று அறிவித்தது. உடனே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேல்முறையீடுகள் குவிந்தன. அத்துடன் அந்தப் பணி நின்றது.

பேக்கர் 2003இல் வேறொரு வழி காட்டினார். நான்கைந்து ஆண்டுகள் தன்னாட்சி; அதன்பின் சுதந்திரம், இணைப்பு, தன்னாட்சி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு. 1999 டிசம்பர் இறுதியிலிருந்து அங்கே வாழும் குடியேறிகளுக்கும் அதில் வாக்குரிமை. பாதுகாப்பு அவை 1495ஆம் தீர்மானத்தின் வழியே ஒருமனதாக ஆதரித்தது. தனக்கு ஆபத்து நிறைந்த அத்திட்டத்தைப் போலிசாரியோ ஏற்றது. எண்ணிக்கையில் தன் மக்கள் கூடுதலாக இருந்தும் மொராக்கோ மறுத்தது. பாதுகாப்பு அவை ஒருமனதாக ஆதரித்த ஒன்றை மறுத்த தரப்புக்கு எந்த விளைவும் நேரவில்லை. 2004 ஜூனில் பேக்கர் விலகினார்; அதே ஆண்டு செப்டம்பரில் நம் அரசு சஹ்ராவி குடியரசை அங்கீகரித்தது. அந்த அங்கீகாரம் இந்த மறுப்புக்கான பதிலே. ஆகவே உம்கேனிக்கரை, விட்டுக்கொடுக்காததால் தேக்கம் என்று சஹ்ராவி தரப்பை நோக்கிச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

ஆப்பிரிக்காவின் பங்கையும் மறக்கக் கூடாது. 1988இல் இரு தரப்பும் ஏற்ற தீர்வுத் திட்டம் ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும் சேர்ந்து முன்வைத்தது. இன்று அந்த அமைப்பின் வாரிசான ஆப்பிரிக்க ஒன்றியம், மொராக்கோ 2017இல் மீண்டும் உறுப்பினரான பிறகு, 2018 நுவாக்சோட் மாநாட்டில் தன் வேலையை ஐ.நா.வுக்குத் துணைநிற்பதாகச் சுருக்கிக்கொண்டது. நாமும் பாதுகாப்பு அவையில் இருந்த 2019, 2020 ஆண்டுகளில் மினுர்சோ தீர்மானங்களின்போது வாக்களிக்காமல் ஒதுங்கினோம். ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குள் அந்தச் சுருக்கத்தைத் தடுக்கப் போதிய முயற்சி எடுக்கவில்லை என்பது என் மனக்குறை.

1992 ஜூனில் போய்ப்பட்டோங் படுகொலைக்குப் பின் நிறவெறி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர நடந்த நம் பேச்சுவார்த்தை நின்றது. ஆகஸ்டில் பாதுகாப்பு அவை 772ஆம் தீர்மானத்தால் நோக்கர்களை அனுப்பியது. அவர்கள் பேரணிகளிலும் கூட்டங்களிலும் நின்றதை நாங்கள் கண்ணாரக் கண்டோம். கண்காணிக்கப்படுகிறோம் என்ற எண்ணமே கைகளைச் சற்று அடக்கியது. மினுர்சோவுக்கோ மனித உரிமையைக் கண்காணிக்கும் அதிகாரம்கூட இல்லை. 2013இல் அமெரிக்கா அதை முன்மொழிந்து, மொராக்கோ சினந்ததும் திரும்பப் பெற்றது. நம் அரசு முதலில் கேட்க வேண்டியது அந்த அதிகாரத்தைத்தான்.

மலபார்வாசி

அம்மா சொன்னதை முழுதும் ஏற்கிறேன். மொராக்கோவின் 2007 திட்டத்திலேயே, தன்னாட்சிச் சட்டம் சம்பந்தப்பட்ட மக்களின் வாக்கெடுப்புக்கு விடப்படும் என்று எழுதியிருக்கிறது. 2797ஆம் தீர்மானமும் சுயநிர்ணயத்தைப் பேசுகிறது. அப்படியானால் கேள்வி மீண்டும் வாக்காளர் யார் என்பதில்தான் வந்து நிற்கிறது. 86,000 பெயர்கள் கொண்ட பட்டியல் ஐ.நா.விடம் இருக்கிறது. அதில் உள்ளோரும் அவர்தம் வழிவந்தோரும் வாக்களிக்கட்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். அந்த உரிமை இல்லாத தன்னாட்சியை நம் அரசு ஆதரிக்கக் கூடாது.

உம்கேனிக்கரை

அந்த உரிமை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பட்டியலில்தான் உங்களோடு உடன்பட மாட்டேன். எல் அயூனில் பிறந்து, வேறு ஊரே அறியாமல் நாற்பது வயதைக் கடந்துவிட்ட குடியேறிகளின் பிள்ளைகளை முற்றாக விலக்கிவிட்டு நடத்தும் வாக்கெடுப்பு, மறுநாளே அடுத்த கலவரத்துக்கு வித்திடும். பேக்கர் அவர்களைச் சேர்த்தார். போலிசாரியோவும் அன்று அதை ஏற்றது. மினுர்சோவின் தற்போதைய ஆணை 2026 அக்டோபர் 31 வரை செல்லும். அதற்குள் நம் அரசு 2003 திட்டத்தின் வாக்காளர் வரையறையை அடிப்படையாக்கி ஒரு முன்மொழிவை டி மிஸ்துராவிடம் கொடுக்கட்டும். 2024 ஜனவரியில் அவர் பிரிட்டோரியாவுக்கே வந்து கலந்து பேசியவர்.

லெனேசியாவிலிருந்து ஒருவன்

2003 வரையறை என்றால், 1999 டிசம்பருக்குப் பின் குடியேற்றப்பட்டவர்களுக்கு வாக்கில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், அண்ணா. அந்தத் தேதியை நகர்த்த ஒப்புக்கொண்டால் வாக்கெடுப்பின் முடிவை இன்றே அறிவித்துவிடலாம்.