டிசம்பர் 3-க்குப் பேச்சுப் போட்டி போதுமா? மலையகப் பாடசாலைகளில் கண்டவை

நோர்வூட் பக்கத்து ஆசிரியை

மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் நம் பாடசாலைகளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலைக் கூட்டத்தில் ஒரு பேச்சு, ஒரு சித்திரப் போட்டி, "பாவம், உதவுவோம்" என்று ஓர் உறுதிமொழி. மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைப் பிரம்போடு ஒருவர் நின்றால் அதே பிள்ளைகள் ஒதுங்கிப் போவார்கள், இல்லாவிட்டால் கையைப் பிடித்து இழுப்பார்கள்.

இந்த முறை ஹட்டன் டவுனில் லொத்தர் சீட்டு விற்கும் ஓர் அண்ணாவைத் தரம் 8 வகுப்புக்கு அழைத்தோம். சின்ன வயதிலேயே பார்வை போனவர். பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நடக்கவிடும் விளையாட்டு வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டார். "திடீரென்று கண்ணைக் கட்டினால் பிள்ளைக்குப் பயம்தான் வரும் டீச்சர். அந்தப் பயத்தை வைத்து என்னைப் பாவம் என்று நினைக்கும். நான் ரோட்டைக் கடக்கிறேன், காசு எண்ணுகிறேன், வீடு போய்ச் சேருகிறேன். அதை எப்படிச் செய்கிறேன் என்று காட்டுகிறேன்."

முதலில் காசு. 2011-இல் புழக்கத்துக்கு வந்த நம் நோட்டுகளுக்கு உயரம் ஒன்றுதான், தொகை கூடக்கூட நீளம் கூடும். ஓரத்தில் தடவினால் தெரிகிற புள்ளிகளும் உண்டு. நோட்டை விரலிடுக்கில் வைத்து நீளம் பார்த்து, நூறையும் ஐந்நூறையும் மேசையில் தனித்தனியாக அடுக்கினார். பிள்ளைகள் மேசைக்கடியில் கையை வைத்து முயன்றார்கள். கசங்கிய பழைய நோட்டில் புள்ளி தேய்ந்திருப்பதை ஒரு பையன் கண்டுபிடித்தான். "அதனால்தான் நீளத்தை நம்புகிறேன்" என்றார். அன்றைக்கு அவர்தான் வாத்தியார், அதைப் பிள்ளைகள் உணர்ந்த இடம் அது.

அப்புறம் வெளியே நடந்தோம். ஒருவன் அவர் தோளைப் பிடித்துத் தள்ளப் போனான். "தள்ளாதே தம்பி. நீ அரை அடி முன்னால் போ, உன் முழங்கைக்கு மேலே நான் பிடித்துக்கொள்கிறேன். படி வந்தால் நின்று சொல்லு. ஏறுபடியா, இறங்குபடியா என்றும் சொல்லு." லயத்துப் (தோட்டக் குடியிருப்பு) பாதையில் தண்ணீர் ஓடும் கான் திறந்து கிடந்த இடத்தில் "இந்தப் பக்கம் வாங்க" என்று கத்தினார்கள். "எந்தப் பக்கம்? நீ கை காட்டுவது எனக்குத் தெரியாதே. இடது, வலது என்று சொல்லுங்க." அதற்குப் பிறகு எல்லோரும் இடது, வலது என்றே சொன்னார்கள்.

பிறகொரு நாள் எங்கள் பிள்ளை ஒருத்தி டவுனில் அவரிடம் போய், "அண்ணா, ரோடு கடக்கணுமா?" என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்றதும் "சரிண்ணா" என்று போய்விட்டாளாம். அதை அவரே எனக்குப் போன் போட்டுச் சொன்னார். இழுக்காமல் கேட்டதும், வேண்டாம் என்றதை ஏற்றுக்கொண்டதும் அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

தலவாக்கலையிலிருந்து

நான் சக்கர நாற்காலி பாவிப்பவள். பக்கத்துப் பாடசாலைக்குப் போகும்போது அளவு நாடாவோடு போவேன். பிள்ளைகளை என் நாற்காலியில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டுவதில்லை. பாடசாலையை அளக்க விடுவேன்.

சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மண்டப வாசலில் மூன்று படி, மொத்தம் 45 சென்ரிமீற்றர். அப்படியானால் 5.4 மீற்றர் சாய்தளம் வேண்டும். கயிற்றைத் தரையில் நீட்டிப் பார்த்தார்கள், அது பூப்பாத்தியைத் தாண்டிப் போனது. அடுத்து கழிவறைக் கதவு. என் நாற்காலியை விட அது ஒடுக்கம். "அப்போ அக்கா நீங்க இங்கே படிச்சிருந்தா எங்கே போவீங்க?" என்று ஒரு சின்னவள் கேட்டாள். அந்தக் கேள்வியை அதிபர் முன்னால் போய்க் கேட்கச் சொன்னேன். கேட்டாள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பொதுக் கட்டடங்களுக்குள் போய்வர வசதி செய்யச் சொல்லும் ஒழுங்குவிதிகள் 2006-இல் வந்தன. 2016-இல் இலங்கை அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனாலும் "மலைதானே, என்ன செய்ய?" என்பதுதான் எங்கே போனாலும் பதில். இதை நான் ஏற்கமாட்டேன். கொழுந்து லொறி ஏறுகிற மாதிரி வளைத்து வளைத்துச் சாய்வு பார்த்து ரோடு வெட்டிய மலை இது. லொறிக்குச் செய்தது மனிதருக்கு முடியாதா?

இன்னொன்று. செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியை முன்பக்கமாக விடக்கூடாது, உட்கார்ந்திருப்பவர் குப்புற விழுவார். திருப்பி, பின்பக்கமாக மெல்ல இறக்க வேண்டும். இதை ஓர் அரிசி மூட்டையை வைத்துப் பழக்குவேன். அது பழகிய பிறகுதான் நான் உட்காருவேன், அதுவும் தள்ளட்டுமா என்று கேட்டவர்களுக்கு மட்டும்.

பண்டாரவளை, ஒரு தகப்பன்

என் மகளுக்குக் காது கேட்காது. அவள் வகுப்பில் டீச்சர் செய்தது ஒன்றுதான்: வாரத்துக்குச் சில சைகைகளை மகளையே கற்றுக்கொடுக்கச் சொன்னார். இப்போது பிள்ளைகள் பின்னாலிருந்து கத்துவதில்லை. முன்னால் வந்து, முகம் தெரிய நின்று பேசுகிறார்கள். பரீட்சை நேரத்தில் கையசைத்துக் கதை பேசி எல்லோரும் ஏச்சு வாங்குகிறார்களாம். எனக்கு அதில் பெரிய சந்தோசம்.

நோர்வூட் ஆசிரியை

யாரையாவது கூப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் இரண்டாவது. லொத்தர் விற்கிறவர் அரை நாள் நம்மிடம் வந்தால் அரை நாள் வியாபாரம் போகிறது. வெளியிலிருந்து பயிற்சி நடத்த வரும் வளவாளருக்குக் கொடுக்கும் கொடுப்பனவை அவருக்கும் கொடுங்கள், ஆட்டோக் காசு வேறாக. அதைக் கூப்பிடும்போதே பேசிவிடுங்கள்.